ஓடிக்கொண்டே இருப்பதா, புதுப்பித்துக்கொள்வதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

கூலி பெறாமல் செய்கின்ற தொண்டுக்கும் கடமை என்று ஒன்று உண்டு. பொதுக்கிணற்றுக்கு வாளி வாங்கி வைத்தவர், கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்கத்தான் வேண்டும். வாளி நூறு நாளாக அங்கேயே தொங்குகிறது என்று பெருமை பேசுவதால் தண்ணீர் இறைக்க வருபவருக்கு என்ன பயன்? இணைய உலகில் இன்று ஆயிரக்கணக்கானோர் இப்படிப்பட்ட வாளிகளைத் தம் சொந்தச் செலவில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடையே ஓயாமல் நடந்துவரும் ஒரு வழக்கில் என் கட்சி எது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

டோர் என்ற பெயரை நம் மாணவ நண்பர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்விப்பட்டதில் பெரும்பகுதி திகில் கதையாக இருந்திருக்கும். உண்மை வேறு. இணையத்தில் யார், எங்கே, எதைப் படிக்கிறார் என்பதை வழியில் நிற்பவர் அறியாதபடி செய்தியை மூன்று இடங்களில் கைமாற்றி அனுப்பும் வலையமைப்புதான் அது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் இதற்கான கருத்து பிறந்தது. 2002இல் முதல் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. 2006இல் இலாப நோக்கமற்ற ஒரு தனி நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது. வெங்காயத்தின் தோலைப்போல் செய்தியைப் பல அடுக்கு மறையாக்கத்தில் சுற்றி அனுப்புகிறார்கள். கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் ஓர் அடுக்கை மட்டுமே உரிக்க முடியும். முதலில் நிற்பது யார் வருகிறார் என்பதை அறியும், எங்கே போகிறார் என்பதை அறியாது. கடைசியில் நிற்பது எங்கே போகிறார் என்பதை அறியும், யார் என்பதை அறியாது. நடுவில் நிற்பதற்கு இரண்டும் தெரியாது. இந்தச் சர்வர்களுக்குத்தான் ரிலே என்று பெயர். டெல்லிச் செய்தியை மாநில வானொலி நிலையங்கள் அஞ்சல் செய்வதாக அறிவிப்பார்களே, அதே சொல்தான்.

இவற்றை நடத்துபவர்கள் தொண்டர்கள். பல்கலைக்கழகங்கள், சிறு சங்கங்கள், தனி மனிதர்கள் என்று பல வகையினர். பயன்படுத்துவோரோ நாள்தோறும் இருபது இலட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. தவறு செய்வோரும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அது தனி வழக்கு. ஆனால் 2021 டிசம்பரில் ரஷ்யாவில் டோர் தடுக்கப்பட்டபோது செய்தித்தாள் படிக்க வழி தேடி அலைந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மனிதருக்கு ரிலே என்பது பொழுதுபோக்கன்று.

நானும் என் நண்பர்கள் இருவரும் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வெளிநாட்டில் ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து ஒரு நடு ரிலே நடத்துகிறோம். மூவருக்கும் சேர்த்து இரண்டு சினிமா டிக்கெட் செலவுதான். வெளிவாயில் ரிலே நடத்தினால் புகார்க் கடிதங்கள் வரும். அதற்குப் பதில் எழுதும் வயதும் வசதியும் எங்களுக்கு இன்னும் வரவில்லை. நடுவில் நிற்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

வழக்கு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். புதிய பதிப்பு ஒன்று வெளிவந்தது. மென்பொருளைப் புதுப்பித்தால் ரிலேயை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். எங்களில் ஒருவன் கூடாது என்றான். “எழுபது நாளாக ஒரு நொடி நிற்காமல் ஓடுகிறது. ஓடுகிற வண்டியில் ஏன்டா கையை வைக்கிறீர்கள்?” என்பது அவன் வாதம்.

இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை. ரிலேயை நிறுத்தும் நொடியில் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும் எல்லாப் பாதைகளும் அறுந்துபோகின்றன. எங்கோ ஒருவர் பாதி இறக்கிய கோப்பு நின்றுபோகும். எங்கோ இருவர் பேசிக்கொண்டிருந்த உரையாடல் துண்டிக்கப்படும். மேலும், டோரில் ஒவ்வொரு ரிலேக்கும் நடத்தைச் சான்றிதழ்போல் சில முத்திரைகள் உண்டு. ஒன்பது பட்டியல் சர்வர்கள் மணிக்கொரு முறை வாக்களித்து ஒரு பொதுப்பட்டியலை வெளியிடுகின்றன. எந்த ரிலே வேகமானது, எது நிலையானது, எது காவல் ரிலேயாக நிற்கத் தகுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘ஸ்டேபிள்’ என்னும் முத்திரை இல்லாத ரிலேயை, நெடுநேரம் இணைப்பிலேயே இருக்க வேண்டிய அரட்டை நிரல்களும் தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் எஸ்.எஸ்.எச். இணைப்புகளும் பயன்படுத்துவதில்லை. ஆனியன் தளங்களின் முகவரிக் குறிப்பை வைத்திருக்கும் பணி வேண்டுமானால் 96 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். காவல் ரிலே ஆவதற்குக் குறைந்தது எட்டு நாள் முகம் தெரிந்திருக்க வேண்டும். நாள் கணக்கை நண்பன் காப்பாற்ற நினைத்ததில் வியப்பில்லை.

ஆனாலும் அவன் கட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. நாள் கணக்கு என்பது இயந்திரத்தின் கணக்கு. அதைப் பயன்படுத்தும் மனிதனின் கணக்கன்று.

நிறுத்தித் தொடங்குவதால் உண்மையில் எவ்வளவு இழக்கிறோம் என்று பார்ப்போம். ஸ்டேபிள் முத்திரைக்கு இடைவிடாத நூறு நாள் தேவையில்லை. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட சராசரி, மற்ற ரிலேக்களின் நடுமதிப்பை எட்டினால் போதும், அல்லது ஏழு நாள் இருந்தால் போதும். அந்தக் கணக்கிலும் பழைய நிறுத்தங்களின் எடை நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகிறது. முகவரிக் குறிப்புப் பணி போனாலும் நான்கு நாளில் திரும்புகிறது. டோர் நிறுவனமே ரிலே நடத்துவோருக்குச் சொல்லும் அறிவுரையில், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாத ரிலேயால் பயன் குறைவு என்கிறது. அதே மூச்சில், அவ்வப்போது நிறுத்தித் தொடங்குவதால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. நிறுத்துவதிலும் ஒரு நாகரிகம் வைத்திருக்கிறார்கள். முறைப்படி நிறுத்தச் சொன்னால் ரிலே உடனே விழுந்துவிடுவதில்லை. 30 வினாடி புதிய பாதைகளை ஏற்காமல், இருப்பவை முடிய இடம் கொடுத்து, பிறகே ஓய்கிறது. அமைப்புக் கோப்பில் மட்டும் மாற்றம் என்றால் நிறுத்தவே வேண்டியதில்லை. ஒரு சைகை கொடுத்தால் மறுபடி படித்துக்கொள்ளும். ரிலேயின் அடையாளச் சாவிகள் பத்திரமாக இருந்தால் எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும் அது அதே ரிலேதான்.

எனவே நிறுத்துவதன் விலை சிறியது. நிறுத்தாமல் இருப்பதன் விலை என்ன என்பதுதான் கேள்வி. இதற்குச் சான்றாக 2013ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் டோரைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை திடீரென ஏறத் தொடங்கியது. சில வாரங்களில் ஐந்து மடங்குக்கும் மேல் ஆனது. எங்கோ புரட்சி வெடித்துவிட்டதோ என்று கூடச் சிலர் நினைத்தார்கள். வந்தவர்கள் மனிதர்கள் அல்லர்! கள்ள நிரல் ஒன்று இலட்சக்கணக்கான கணினிகளில் புகுந்து, அவற்றையெல்லாம் டோரோடு இணைத்துவிட்டிருந்தது. ஒவ்வொரு கணினியும் பாதை போட்டுத் தரச் சொல்லி ரிலேக்களின் கதவைத் தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் ரிலே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். சாவி பரிமாறிக்கொள்ளும் இந்தக் கைகுலுக்கலுக்குப் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று என்று அப்போது இரண்டு இருந்தன. பழையதன் பெயர் டேப். 1024 பிட் எண்களைக் கொண்டு செய்யும் பாரமான கணக்கு. புதியதன் பெயர் என்டோர். வளைகோட்டுக் கணிதத்தால் ஆனது. ரிலேக்குச் சுமை குறைவு, காவலோ அதிகம். கள்ள நிரல் வைத்திருந்தது பழைய 0.2.3 வரிசை. எனவே அதற்குத் தெரிந்தது டேப் மட்டுமே.

0.2.4 வரிசை ரிலேக்கள் புதிய முறையைப் புரிந்துகொண்டன. 0.2.4.17 வந்தபோது, வரிசையில் நிற்கும் கோரிக்கைகளில் என்டோர் கேட்பவர்களை முன்னே அழைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஆனால் அது இறுதிப் பதிப்பன்று. வெளியீட்டுக்கு முந்தைய தேர்வு நிலையில் இருந்த பதிப்பு. அந்த வரிசையின் நிலைப்பதிப்பு வந்தது டிசம்பரில்தான். ஆயினும் செப்டம்பரிலேயே, ரிலே நடத்துவோரும் பயன்படுத்துவோரும் இதற்கு மாறுங்கள் என்று டோர் நிறுவனம் கேட்டுக்கொண்டது. மாறிய ரிலேக்கள் உண்மையான மனிதர்களுக்கு வழிவிட்டன. மாறாதவை கள்ள நிரலின் கணக்குகளைப் போட்டே களைத்துக் கிடந்தன. “நான் நிற்காமல் ஓடுகிறேன்” என்று அந்தப் பழைய ரிலேயும் சொல்லியிருக்கும். ஓடியது, யாருக்காக?

அன்று நம்பகம் என்பதும் புதிய நெறிமுறை என்பதும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கவில்லை. ஒரே தட்டில் நின்றன. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்று பேசுவோர் இந்த நிகழ்ச்சியை மறந்துவிடுகிறார்கள்.

உடனே என் நண்பன் அடுத்த ஆண்டுக்குத் தாவுவான். அவனுக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு அது. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை! ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 1.0.1 வரிசையில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று நாடி பார்க்கும் ஒரு புதிய வசதியைச் சேர்த்திருந்தார்கள். 2012இல் வந்தது. அதில் ஒரு சிறு சரிபார்ப்பு விடுபட்டுப்போனதால், யார் வேண்டுமானாலும் சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ளலாம் என்ற நிலை. உருவியதில் இரகசியச் சாவிகளும் அகப்படலாம். வேடிக்கை என்னவென்றால் 0.9.8, 1.0.0 ஆகிய பழைய வரிசைகளில் அந்த வசதியே இல்லை. எனவே ஓட்டையும் இல்லை. புதுமையை விரும்பி ஓடியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், பழையதில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். “இப்போது என்ன சொல்கிறாய்?” என்று கேட்பான்.

அவன் சொல்லும் செய்தி முற்றிலும் உண்மை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறான். பிறகு என்ன நடந்தது? ஓட்டையுள்ள நூலகத்தோடு ஓடிய ரிலேக்காரர்கள் நூலகத்தைப் புதுப்பித்து, பழைய அடையாளச் சாவிகளைத் தூக்கி எறிந்து, புதிய சாவியோடு தொடங்க வேண்டும் என்ற அறிவுரை வந்தது. சாவி மாறினால் அது புதிய ரிலே. ஆண்டுக்கணக்கில் சேர்த்த முத்திரையெல்லாம் போய்விடும். மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பலர் தயங்காமல் அதைச் செய்தார்கள். செய்யாமல் ஓட்டையோடு நின்ற ரிலேக்களைப் பட்டியல் சர்வர்களை நடத்துவோர் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். வீட்டுச் சாவியின் நகல் திருடன் கையில் இருக்கலாம் என்று தெரிந்த பிறகும், பூட்டு தாத்தா காலத்தது என்று அதையே வைத்திருப்பவரை நாம் நம்பகமானவர் என்போமா?

ஹார்ட்பிளீடிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. புதிய வசதி வேறு, பழுது நீக்கம் வேறு. இரண்டும் ஒரே பதிப்பு எண்ணுக்குள் கட்டி வருவதால் நாம் குழப்பிக்கொள்கிறோம். நாடி பார்க்கும் வசதியைப் பெரும்பாலான சர்வர்களில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே திறந்து வைக்கப்பட்டிருந்தது. தேவையற்ற கதவைத் திறக்காமல் இருப்பது முன்னெச்சரிக்கை. உடைந்த தாழ்ப்பாளை மாற்றாமல் இருப்பது சோம்பல். என் நண்பன் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்கிறான்.

பழுது நீக்கத்தில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை என்பது என் எண்ணம். உண்மையான சிக்கல் புதிய வசதியில்தான் இருக்கிறது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2022 ஏப்ரல் மாதம் வந்த 0.4.7 வரிசை.

டோர் மெதுவானது என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருந்தது. டோர் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது; ஒரு பொட்டலத்தில் 498 பைட் சரக்கு. ஒரு பாதையில் ஒப்புகை வராமல் 1000 பொட்டலங்களுக்கு மேல் அனுப்பக்கூடாது என்பது தொடக்க கால விதி. அதாவது ஏறத்தாழ அரை மெகாபைட். இனி வகுத்துப் பாருங்கள். போய்த் திரும்ப அரை விநாடி ஆகும் பாதையில் விநாடிக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேல் போகவே போகாது. ஒரு விநாடி ஆகும் பாதையில் அரை மெகாபைட்தான். நடுவில் எத்தனை பெரிய சர்வரை நிறுத்தினாலும், எவ்வளவு தடித்த கம்பியை இழுத்தாலும் இந்த எண் மாறாது. நம் பாடப்புத்தகத்தில் நகரும் சாளர முறை என்று படித்து, தேர்வில் எழுதி, மறந்துவிட்டோமே, அதே பாடம்தான் இங்கே இத்தனை இலட்சம் பேரைக் காக்க வைத்திருந்தது! 0.4.7இல் இந்த நிலையான எண்ணை நீக்கிவிட்டு, பாதையின் நெரிசலை அளந்து, அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால் பாதையின் இரு முனைகளும் இதை அறிந்திருக்க வேண்டும். ஒரு முனை பயன்படுத்துபவரின் மென்பொருள்; மறுமுனை வெளிவாயில் ரிலே. இடையில் உள்ள காவல் ரிலேக்கும் நடு ரிலேக்கும் இது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே வெளிவாயில் நடத்துபவர் ஒருவர் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டால், அவருடைய வாசலுக்கு வரும் எல்லோருக்கும் புதிய முறை கிடைக்காமல் போகிறது. எங்களைப் போன்ற நடு ரிலேக்காரர் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வசதியைப் பொறுத்தவரை யாருக்கும் நட்டமில்லை. அடுத்த வரிசையான 0.4.8இல் வந்த, ஒரே வெளிவாயிலுக்கு இரண்டு பாதைகளைப் போட்டுச் சுமையைப் பகிரும் முறைக்கும் வெளிவாயிலின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. ‘நம்பகமா, புதுமையா’ என்று பொதுவாகக் கேட்பதே பொருத்தமில்லாத கேள்வி. இந்த ரிலே பாதையில் எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

வெளிவாயிலாக நிற்பவர் புதிய நிலைப்பதிப்பு வந்தவுடன் முதலில் மாறக் கடமைப்பட்டவர். காவல் ரிலேயின் நிலை வேறு. பயன்படுத்துபவரின் மென்பொருள் ஒரு காவல் ரிலேயைத் தேர்ந்துகொண்டால் மாதக்கணக்கில் அதையே பிடித்துக்கொள்ளும்; அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் கெட்டவன் நடத்தும் ரிலே வாய்த்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. காவல் ரிலே அடிக்கடி விழுந்தால் மக்கள் வேறு காவலைத் தேட நேர்கிறது. எனவே காவலில் நிற்பவர் சோதனைப் பதிப்புகளைத் தொடவே கூடாது. நிலைப்பதிப்பை, அதுவும் முறையாக நிறுத்தி, விரைவாக மாற்றிக்கொள்ள வேண்டும். நடு ரிலேதான் சோதனைக்கு ஏற்ற இடம். அது விழுந்தால் பாதை ஒன்று அறுகிறது, வேறு பாதை போடப்படுகிறது. யாருடைய முகமும் வெளியே தெரிவதில்லை.

‘நான் நடுவில் மட்டுமே நிற்பேன்’ என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிவாயிலாக இருப்பதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது. காவல் முத்திரையை நாம் கேட்டு வாங்குவதில்லை, தகுதி வந்தால் அவர்களாகக் கொடுத்துவிடுவார்கள். நன்றாக ஓடும் நடு ரிலே ஒருநாள் காவலாகிவிடும். ஆகவே சோதனை செய்து பார்க்க விரும்புவோர் ரிலே புதிதாக இருக்கும் முதல் வாரத்தில் செய்துகொள்வது நல்லது. அல்லது இரண்டு ரிலே நடத்துகிறவர்கள் ஒன்றை அதற்கென்று ஒதுக்கலாம். ஒன்றே ஒன்று வைத்திருக்கும் எங்களைப் போன்றோர் அது காவலான பிறகு ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கும் ஆசை உண்டு. டோரை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் ஆர்ட்டி என்னும் முயற்சி 2022இல் 1.0.0 ஆக வெளிவந்ததிலிருந்து அதை நோண்டிப் பார்க்காத வாரமில்லை. ஆனால் அது என் மடிக்கணினியில். பிறர் நடந்துபோகும் பாலத்தின் மேலன்று.

சோதனைப் பதிப்பை யாருமே ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். எழுதுவோர் சிலரே. ஆயிரம் வகைச் சர்வரில், ஆயிரம் வகை நெரிசலில் என்ன நடக்கும் என்பது அவர்கள் மேசையில் தெரியாது. யாராவது ஓட்டிப் பார்த்துக் குறை சொன்னால்தான் நிலைப்பதிப்பு நிலையாக வரும். எனவே “நிலைப்பதிப்பு வரட்டும், அதுவரை தொடமாட்டேன்” என்று எல்லோரும் கைகட்டி நின்றால், அந்த நிலைப்பதிப்பே உருப்படியாக வராது. சிலர் முன்னே போக வேண்டும், எல்லோரும் போகக்கூடாது.

முன்னே போகிறவர்களால் பயன்படுத்துவோருக்கு ஒரு நுட்பமான ஆபத்தும் உண்டு. ஒரு புதிய நெறிமுறையை ஆயிரத்தில் பத்துப் பேர் மட்டும் பயன்படுத்தினால் அந்தப் பத்துப் பேரும் கூட்டத்தில் தனியாகத் தெரிவார்கள். மறைந்து நிற்பதற்கென்றே உள்ள வலையில் தனியாகத் தெரிவதைவிடக் கேடு எது? அதனால்தான் ஒவ்வொரு ரிலேயும் தனக்கு எந்தெந்த நெறிமுறையின் எந்தப் பதிப்பு தெரியும் என்று அறிவிக்கிறது; பல புதிய வசதிகளை ரிலேக்கள் போதிய அளவு மாறிய பிறகு பொதுப்பட்டியலில் ஓர் எண்ணை மாற்றி எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்துவிடுகிறார்கள். பின்தங்கும் ஒவ்வொரு ரிலேயும் அந்த நாளைத் தள்ளிவைக்கிறது என்பது இதன் மறுபக்கம்.

எவ்வளவு காலம் பொறுப்பது? 0.3.5 வரிசையை 2019 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை, மூன்று ஆண்டுக்கும் மேல் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். பழைய ஆனியன் தளங்களின் 16 எழுத்து முகவரி முறை வலுவிழந்துவிட்டது என்று 2020இல் அறிவித்து, ஓராண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்து, 2021இல்தான் 56 எழுத்து முறையை மட்டும் விட்டுவைத்தார்கள். இதைவிடப் பொறுமை வேண்டும் என்று தொண்டர்கள் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2019 அக்டோபரில், ஆதரவு முடிந்த பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்த சுமார் 800 ரிலேக்களை வலையிலிருந்து நீக்கினார்கள். இலவசமாகச் செய்கிறவனை வெளியே தள்ளுவதா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. நான் அந்த முடிவின் பக்கம். இலவசமாகக் கொடுத்தாலும் கெட்டுப்போன சோற்றைப் பந்தியில் வைக்க முடியாதல்லவா?

எல்லாவற்றையும் தானியங்கியாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் வழக்கே தீர்ந்தது என்று எங்கள் மூன்றாவது நண்பன் சொன்னான். பாதி சரி. பழுது நீக்கத்துக்கு அதுவே நல்ல வழி. நாங்கள் தேர்வு எழுதும் நாளிலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான ரிலேக்கள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. எல்லாமே ஒரே இரவில் ஒரே பொட்டலத்தை இழுத்து மாறினால், அந்தப் பொட்டலத்தில் பிழை இருக்கும் நாளில் எல்லாமே ஒன்றாக விழும். சிலர் பி.எஸ்.டி. வகைகளில் ஓட்டுவதும், சிலர் இரண்டு நாள் தள்ளி மாறுவதும் வலையமைப்புக்கு நல்லதே. நான் கேட்பது இரண்டு நாள் தள்ளுவதை. என் நண்பன் கேட்டதோ எழுபது நாள்.

எங்கள் சர்வரில் இப்போது டோர் நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து நிலைப்பதிப்பு தானாகவே வருகிறது. இயக்க அமைப்பின் மையக்கருவை மாற்றி முழுச் சர்வரையும் நிறுத்தித் தொடங்குவதை மட்டும் கையால் செய்கிறோம். அதற்கு ஞாயிறு காலை என்று வைத்திருக்கிறோம். அது அவசியமா என்பதில் மூவருக்கும் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

ரிலே நடத்த நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அமைப்புக் கோப்பில் தொடர்பு முகவரிக்கென்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பழைய பதிப்பு ஓட்டுகிறீர்கள், மாற்றுங்கள் என்று யாரேனும் சொல்ல நினைத்தாலும் கடிதம் போட இடமில்லாமல் போகிறது. படிக்கிற மின்னஞ்சல் ஒன்றை அந்த வரியில் எழுதி வையுங்கள்.